கேஜ் வீல்: காவிரிச் சேற்றின் முதல் ஆஃப் ரோடு மாடிஃபிகேஷன்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த வாரக் கேள்வி ரொம்ப சிம்பிள். லோன் போட்டு ஒரு தார் எடுத்தாச்சு. இல்லன்னா ஒரு ஜிம்னி, இல்லன்னா செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய ஜிப்ஸி. இ.எம்.ஐ. போக கையில் மிச்சம் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோதான். முதல்ல எதை மாத்தறது? லிஃப்ட் கிட்டா, இரும்பு பம்பரா, பெரிய டயரா, கூரை மேல வரிசையா லைட்டா?

இதுக்கு யூடியூபில் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க. நாம வரலாறு வழியாப் போவோம். ஏன்னா, இதே கேள்வியை இதைவிடச் சின்ன பட்ஜெட்டில் கேட்ட ஊர்கள் நம்ம பக்கத்துலயே இருக்கு. அங்கே வண்டி சேத்துல மாட்டினா வீக்எண்ட் ட்ரிப் கெட்டுப்போகாது, ஒரு போக நெல்லே கெட்டுப்போகும். அப்படி ஒரு ஊர்தான் குத்தாலம்.

அருவி இல்லாத குத்தாலம்

குற்றாலம் இல்லீங்க, குத்தாலம். தென்காசிப் பக்கம் இருக்கிறது அருவி ஊர். இது மயிலாடுதுறை மாவட்டத்தில், கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில், காவிரிக் கரையில் இருக்கிற ஊர். இங்கே குளிக்க அருவி கிடையாது. உழ சேறு உண்டு.

ஊரோட பழைய பெயரே ஒரு க்ளூ. தேவாரத்தில் இது திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றுக்கு நடுவே எழுந்த மேடு, ஆற்றிடைக்குறை. அதாவது ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். குத்தாலம் மட்டும் இல்லை, டெல்டா முழுக்க இதே கதைதான். காவிரியும் அதன் கிளைகளும் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கொண்டுவந்து படிய வைத்த வண்டல், களி. கடலை நோக்கிப் போகப் போக களி அதிகம். காய்ந்தால் பாளம் பாளமா வெடிக்கும், தண்ணி நின்னா கால் புதையும்.

நெல்லுக்கு அது வரம். சக்கரத்துக்கு அது சோதனை.

நேரம் இல்லாத உழவு

மாடு கட்டி உழுத காலத்தில் இந்தச் சேறு பெரிய பிரச்சினையா இருக்கல. மாட்டுக்குக் குளம்பு இருக்கு. சேத்துக்குள்ள இறங்கும்போது குளம்பு விரியும், தூக்கும்போது சுருங்கும், அதனால் சேறு பிடிச்சு வைக்காது. ஆனா மாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு, வேகம். டெல்டாவில் நிலத்தை இன்னமும் மா, வேலின்னு சொல்றவங்க இருக்காங்க. சுமாரா மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. ஒரு ஜோடி மாட்டை வச்சு ஒரு நாள் முழுக்க உழுதால் இரண்டு மா, மிஞ்சிப்போனா மூணு மா. அதுவும் ஒரு சால் மட்டும். நடவுக்கு நிலம் தயாராக அதே வயலைத் திரும்பத் திரும்ப உழணும்.

ஒரு போகம் மட்டும் விளைஞ்ச வரைக்கும் இது போதுமா இருந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தது. ஜூன் 12இல் தண்ணி திறக்கிறதுங்கிறது டெல்டாவின் காலண்டரில் ஒரு நாளாகவே ஆச்சு. 1960களின் தொடக்கத்தில், மத்திய அரசு ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோட தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் தேர்ந்தெடுத்த ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒண்ணு. குத்தாலத்துக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில் இருக்கிறது ஆடுதுறை. அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்தே இருக்கு. அங்கிருந்து 1960களின் நடுவில் வந்த குறுகிய கால ரகம் ஏ.டி.டி. 27, குறுவைக்குன்னே பேர் வாங்கிய நெல்.

இதனால் இருபோகம் பெருகிச்சு. ஜூனில் குறுவை, அறுவடை செப்டம்பர், அக்டோபரில். உடனே தாளடி நடணும். இடையில் கிடைக்கிற சில வாரத்துக்குள்ள வடகிழக்குப் பருவமழையும் வந்து நிக்கும். வயலில் ஈரம் காயாது, தாள் மட்கணும், உழவு முடியணும், நடவு முடியணும். தாமதமானா தாளடி மகசூல் போச்சு. இந்த நெருக்கடியில்தான் டெல்டா விவசாயி டிராக்டர் பக்கம் திரும்பினார். சென்னையில் டாஃபே தொடங்கியது 1960இல். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோட சேர்ந்து மஹிந்திரா டிராக்டர் கம்பெனி ஆரம்பித்தது 1963இல். ஊருக்கு ஒண்ணு ரெண்டுன்னு டிராக்டர் வந்து இறங்கியது.

இறங்கிய இடம்தான் சிக்கல்.

ரப்பர் போய் இரும்பு வந்தது

டிராக்டரோட வரலாற்றில் ஒரு வேடிக்கை இருக்கு. முதல் தலைமுறை டிராக்டர்களுக்கு ரப்பர் டயரே கிடையாது. இரும்புச் சக்கரம், அதில் பல் பல்லா இரும்புப் பட்டை. 1932இல் அமெரிக்காவின் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனி காற்றடைத்த ரப்பர் டயரோட டிராக்டரை விற்க ஆரம்பித்தது. வேகம் கூடிச்சு, எரிபொருள் மிச்சமாச்சு, ரோட்டிலும் ஓட்ட முடிஞ்சது. கொஞ்ச வருஷத்திலேயே இரும்புச் சக்கரம் பழைய கதையாச்சு.

அந்த நவீன ரப்பர் டயர் நம்ம நஞ்சையில் இறங்கினப்போ என்ன ஆச்சு? டயரில் இருக்கிற கட்டைகளுக்கு நடுவே களிச்சேறு அப்பிக்கிச்சு. ரெண்டு சுத்துல டயர் முழுக்க மொழுமொழுன்னு ஒரு களிமண் உருளை. பிடிப்பு இல்லை. சக்கரம் நின்ன இடத்திலேயே சுத்தும், சுத்தச் சுத்தக் குழி பறிக்கும், அச்சு வரைக்கும் இறங்கிடும்.

இதுக்கு விடையா வந்ததுதான் கேஜ் வீல். நெல் விளையுற மத்த ஆசிய நாடுகளிலும் இதுக்கு அண்ணன் தம்பி உண்டு. ரெண்டு மூணு இரும்பு வளையம், அதைச் சுத்தி குறுக்கே சாய்வா வெல்டிங் பண்ணின ஆங்கிள் பட்டைகள், நடுவே வெறும் காத்து. பார்க்க ஒரு கூண்டு மாதிரி. இதில் ரெண்டு வகை. பின் டயரைக் கழட்டிட்டு அந்த இடத்தில் மாட்டுறது முழு கேஜ். டயரை அப்படியே விட்டுட்டு அதுக்குப் பக்கத்தில் வெளிப்புறமா சேர்த்து மாட்டுறது அரை கேஜ்.

இது வேலை செய்யுறதுக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு, கூண்டு திறந்து கிடப்பதால் சேறு உள்ளே போய் மறுபக்கம் விழுந்துடும். பட்டை எப்பவும் சுத்தமா இருக்கும், அடுத்த சுத்தில் மறுபடி கடிக்கும். ரெண்டு, போற போக்கிலேயே அது சேறடிக்கும். அதாவது வண்டிக்குப் பிடிப்பு கொடுக்கிற அதே பொருள் உழவு வேலையையும் பாதி செஞ்சு கொடுக்குது.

முக்கியமான விஷயம், இது பெரிய தொழிற்சாலைச் சரக்கு இல்லை. ஊர் வெல்டிங் பட்டறையில் ஆங்கிளும் பட்டையும் வாங்கிக் கொடுத்தா செஞ்சு தருவாங்க. பட்டை வளைஞ்சா அங்கேயே அடிச்சு நிமிர்த்தலாம். எஞ்சினைத் தொடலை, உயரத்தைக் கூட்டலை, பம்பரை மாத்தலை. கையில் இருந்த கொஞ்சக் காசு முழுக்கப் போனது ஒரே இடத்துக்கு, வண்டி மண்ணைத் தொடுகிற இடத்துக்கு.

சேற்றுக்கு அடியில் ஒரு தரை

இங்கே கொஞ்சம் நிதானமாப் பார்க்கணும். ஏன்னா பெரும்பாலான புது ஃபோர் பை ஃபோர்காரங்க தப்புக் கணக்குப் போடுற இடம் இதுதான்.

நெல் வயலில் சேறு அடி இல்லாத ஆழம் கிடையாது. வருஷக்கணக்கா சேறடிச்சு, மிதிச்சு, ஓட்டி, மேல் சேத்துக்கு அடியில் ஒரு இறுகிய தட்டு உருவாகியிருக்கும். சுமாரா ஒரு ஜாண் ஆழத்தில். வயலில் தண்ணி நிக்கிறதே அந்தத் தட்டால்தான், இல்லன்னா கட்டின தண்ணி கீழே வடிஞ்சிடும். டிராக்டர் மிதக்கிறது சேத்து மேல இல்லை, அது நடக்கிறது அந்தத் தட்டு மேல. கேஜ் வீலோட பட்டை சேத்தைக் கிழிச்சு இறங்கி அந்தத் தட்டைத் தேடிப் பிடிக்குது.

இதை உங்க வண்டிக்கு மாத்திப் பாருங்க. அடியில் கெட்டித் தரை இருக்கிற சேறுன்னா, கொஞ்சம் ஒல்லியா, ஆழமான கட்டை இருக்கிற டயர் நல்லது. அது சேத்தை வெட்டிட்டுப் போய் கீழே பிடிக்கும். அகலமான டயர் அங்கே மேலேயே வழுக்கும். ஜிம்னிக்குக் கம்பெனியே கொடுக்கிற டயர் 195 மில்லிமீட்டர் அகலம்தான். அதைப் பார்த்து ‘சைக்கிள் டயர்’னு கிண்டல் பண்றவங்க உண்டு. இந்த மாதிரித் தரையில் அந்தச் சைக்கிள் டயர் சங்கடப்படாது. ஆனா அடியே இல்லாத சேறு, காய்ந்த மணல், இங்கெல்லாம் கணக்கு தலைகீழ். அங்கே இறங்கக் கூடாது, மிதக்கணும்.

அதனால் ‘எந்த டயர் பெஸ்ட்’ங்கிற கேள்வியே அரைகுறைக் கேள்வி. ‘எந்த மண்ணுக்கு’ன்னு கேட்டால்தான் அது முழுசாகும்.

இன்னொண்ணும் டெல்டா டிரைவர்கிட்ட கத்துக்கலாம். சக்கரம் வெறுமனே சுத்துதுன்னு தெரிஞ்சா அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மாட்டார், விடுவார். மிதிச்சா அந்த இறுகிய தட்டு உடையும். உடைஞ்ச இடம் அடுத்த போகத்தில் உளையா மாறி, போற வண்டியை எல்லாம் விழுங்கும். அவருக்கு அது சொந்த வயல், இல்லன்னா நாளைக்கும் கூலிக்கு உழப்போற வயல். நம்மளோ சேத்தை வாரி இறைக்கிற வீடியோவுக்காக அதே தப்பைக் காசு கொடுத்துப் பண்றோம்.

மணலில் வேற கணக்கு

மிதக்கணும்னு சொன்னேன் இல்லையா, அதுக்குக் காவிரியை விட்டுக் கொஞ்சம் தூரம் போகணும், எகிப்து வரைக்கும். குறைந்த பட்ஜெட் மாடிஃபிகேஷனோட வரலாற்றில் ரொம்பத் தெளிவான அத்தியாயம் அங்கேதான் இருக்கு.

ரால்ஃப் பாக்னோல்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1920களின் கடைசியில், லீவு நாட்களில், நண்பர்களோட சேர்ந்து லிபியப் பாலைவனத்துக்குள் கார் ஓட்டிட்டுப் போனார். கார்கள் சாதாரண ஃபோர்டு, டூ வீல் டிரைவ். செலவு சொந்தக் காசு. அவர் என்னென்ன மாத்தினார்னு பாருங்க.

முதல்ல கழட்டினார். தேவையில்லாத பாடி, மட்கார்டு எல்லாம் போச்சு, எடை குறைஞ்சது. அடுத்து டயரில் காத்தைக் குறைச்சார். காத்து குறைஞ்சா டயர் படுக்கும், மண்ணைத் தொடுகிற பரப்பு நீளும், மணலில் புதையாது. மூணாவது, கெய்ரோவில் பழைய சாமான் கடையில் கிடைச்ச நீளமான எஃகுத் தகடுகளை வாங்கினார். மாட்டிய சக்கரத்துக்கு முன்னாடி அதைப் போட்டு மேலே ஏத்தி வெளியே வந்தார். இன்னிக்கு நீங்க பிளாஸ்டிக்கில் ஆரஞ்சு கலரில் வாங்குற ட்ராக்‌ஷன் போர்டோட தாத்தா அதுதான். நாலாவது, ரேடியேட்டரிலிருந்து கொதிச்சு வெளியே போகிற நீராவியை ஒரு டப்பாவில் பிடிச்சுக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே அனுப்பினார். பாலைவனத்தில் தண்ணி எவ்வளவு அருமைன்னு சொல்லவே வேணாம்.

1940இல் இதே பாக்னோல்டு எகிப்தில் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்ற ராணுவப் பிரிவைத் தொடங்கினார். அதுக்கு முதலில் எடுத்த வண்டி ஷெவர்லே லாரி, டூ வீல் டிரைவ். இடையில் ஃபோர் வீல் டிரைவ் ஃபோர்டு லாரிகள் கிடைத்தன. ஆனா அவை கனம், பெட்ரோலை நிறையக் குடித்தன. 1942இல் மறுபடி டூ வீல் டிரைவ் ஷெவர்லேக்கே திரும்பினார்கள். ஆழமான மணலில் அந்தக் காலத்திலேயே பேர் வாங்கிய ஒரு பிரிவு, ரெண்டு சக்கரம் ஓடுற எடை குறைஞ்ச வண்டி போதும்னு முடிவு பண்ணிச்சு.

டயர் காத்து விஷயத்தை அமெரிக்க ராணுவமும் பிடித்துக்கொண்டது. அதே போரில் வந்த டக் என்ற நீர் நில வண்டியில், டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடியே டயர் காத்தைக் குறைக்கவும் கூட்டவும் வழி இருந்தது. கடலிலிருந்து மணலில் ஏறும்போது காத்தைக் குறைச்சு, ரோட்டுக்கு வந்ததும் ஏத்திக்கிட்டாங்க.

குத்தாலத்துச் சேறும் லிபிய மணலும் எதிர் எதிர்த் தரை. ஒண்ணில் இறங்கணும், இன்னொண்ணில் மிதக்கணும். ஆனா ரெண்டு பேரும் காசைக் கொண்டுபோய் வச்ச இடம் ஒண்ணுதான், சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில்.

ஜீப்பும் டிராக்டரும்

இதில் ஜீப் எங்கே வருது? 1941இல் வில்லிஸ் ஜீப் போருக்குப் போச்சு. போர் முடிஞ்ச 1945இல், அதே ஜீப்பை சி.ஜே. 2ஏ என்ற பேரில் அமெரிக்க விவசாயிகளுக்கு விற்க ஆரம்பித்தார்கள். உழலாம், மெஷின் ஓட்டலாம், சாயங்காலம் டவுனுக்கும் போகலாம்னு விளம்பரம். அதே வருஷம் இந்தியாவில் மஹிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகமதுவும் சேர்ந்து மஹிந்திரா அண்ட் முகமதுன்னு ஒரு கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரிவினைக்குப் பிறகு குலாம் முகமது பாகிஸ்தான் போய், பின்னாளில் அங்கே கவர்னர் ஜெனரல் ஆனார். 1948இல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. அவங்க இங்கே ஜீப் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சதும் அந்த வருஷங்களில்தான். இன்னைக்கு நீங்க ஓட்டுற தாரோட வம்சம் அங்கிருந்து வருது.

ஆனா உழவுக்கு ஜீப் நிலைக்கலை. டிராக்டர் அளவுக்கு மெதுவா, அவ்வளவு இழுவையோட, நாள் முழுக்க ஓட அது செஞ்ச வண்டி இல்லை. நம்ம அரசு அதிகாரிகளுக்கும் ராணுவத்துக்கும் எஸ்டேட்டுக்கும் ஜீப், வயலுக்கு டிராக்டர்னு வேலை பிரிஞ்சது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. டிராக்டரோட பலம் வேகத்தில் இல்லை, தாழ்ந்த கியரில் இருக்கு. சேறடிக்கிற டிராக்டர் மனுஷன் நடக்கிற வேகத்தில்தான் போகும். உங்க தாரிலும் ஜிம்னியிலும் அந்தத் தாழ்ந்த கியர் ஏற்கெனவே இருக்கு, ஃபோர் லோன்னு எழுதியிருக்கிற அந்த இடம். அதை ஒரு தடவைகூடப் போடாம லிஃப்ட் கிட் விலை விசாரிக்கிறவங்க நிறைய. ஃப்ரீயா கிடைச்சதை முதல்ல பழகிட்டு, அப்புறம் காசு கொடுத்து வாங்குறதைப் பத்தி யோசிக்கலாம்.

சிக்கினா எப்படி வெளியே வர்றது

டெல்டாவில் இது சிரிக்கிற விஷயம் இல்லை. சேத்தில் பின் சக்கரம் அசையாம மாட்டிக்கிச்சுன்னு வையுங்க. அப்போ எஞ்சின் பலம் முழுக்க வந்தா, சுத்த முடியாத சக்கரத்தைச் சுத்தி டிராக்டரோட உடம்பே சுத்தப் பார்க்கும். முன்பக்கம் மேலே எழும், பின்னாடி கவிழும், டிரைவர் அடியில். ஒரு கண் சிமிட்டுற நேரம் போதும். சக்கரத்தில் குறுக்கே கட்டையைக் கட்டி ஏத்தப் பார்க்கிறது, இழுவைக் கயித்தை உயரமான இடத்தில் கட்டுறது, ரெண்டும் இந்த ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் கயிறு எப்பவும் தாழ்வா, இழுவைக்குன்னே இருக்கிற டிராபாரில் கட்டணும்னு சொல்வாங்க. கழட்ட முடிஞ்ச பாரத்தைக் கழட்டு, மண்ணை வெட்டி வழி பண்ணு, அப்புறம் இன்னொரு வண்டியை வச்சு மெதுவா இழு.

உங்க வண்டிக்கும் இதே விதிதான். இழுக்கிற கயிறு, அதை மாட்டுற கொக்கி, வண்டியில் அது சேர்ற இடம், இந்த மூணும் அந்த எடையைத் தாங்கணும். பம்பரில் கட்டி இழுத்தா பம்பர் பிச்சிக்கிட்டுப் பறக்கும். கேரவன் இழுக்கிற உருண்டைக் கொக்கியில் கட்டி இழுத்தப்போ அது உடைஞ்சு தோட்டா மாதிரிப் பறந்து ஆஸ்திரேலியாவில் உயிர்களே போயிருக்கு. கயிறு இழுபடும்போது பக்கத்தில் யாரும் நிக்கக் கூடாது. தரமான இழுவைக் கயிறும் ரெண்டு ஷாக்கிளும் ஒரு லைட் பாரைவிடப் பெரிய விலை இல்லை. ஆனா லைட் பார் போட்டோவில் தெரியும், ஷாக்கிள் தெரியாது. அதனால்தான் பல பேர் வரிசையில் அது கடைசியில் நிக்குது.

பில் யாருக்கு?

எந்த மாடிஃபிகேஷனுக்கும் ரெண்டு பில் உண்டு. ஒண்ணு நீங்க கட்டுறது, இன்னொண்ணு மத்தவங்க கட்டுறது.

கேஜ் வீல் வயலுக்கு எவ்வளவு நல்லதோ, தார் ரோட்டுக்கு அவ்வளவு கெட்டது. ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போக, கழட்டி மாட்ட நேரமில்லாம, அப்படியே ரோட்டில் ஓட்டிடுவாங்க. இரும்புப் பட்டை தாரைக் கொத்திக் கொத்திப் பெயர்த்துடும். உழவு சீசன் வந்தாலே டெல்டா மாவட்டங்களில் ‘கேஜ் வீலோடு சாலையில் ஓட்டினால் நடவடிக்கை’ன்னு அறிவிப்பு வரும். ஓட்டுறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. மணிக்கணக்கில் கூலி வாங்குற டிராக்டர்காரருக்குக் கழட்டி மாட்டுற நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்லை. ஆனா பெயர்ந்த ரோட்டில் சைக்கிளில் ஸ்கூலுக்குப் போற பிள்ளைக்கும் ஒரு நியாயம் இருக்கு.

இது புதுச் சண்டையும் இல்லை. இரும்புப் பட்டா அடிச்ச கட்டை வண்டிச் சக்கரம் ரோட்டில் தடம் பறிக்குதுன்னு புகார் இருந்த காலம் ஒண்ணு உண்டு, ரப்பர் டயர் வண்டி வந்து அதைக் குறைச்சது. அமெரிக்காவிலும் இரும்புப் பல் டிராக்டர்களைத் தார் ரோட்டில் விடாத மாநிலங்கள் இருந்தன.

இன்னொரு பெரிய பில் இருக்கு. டிராக்டர் வந்தப்போ ஏர் ஓட்டின ஆளோட வேலை குறைஞ்சது. தஞ்சையில் அந்த ஆள் பெரும்பாலும் நிலம் இல்லாத பண்ணையாள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது, நிலைமை அப்படி. விளைச்சல் கூடியபோது கூலி எவ்வளவுங்கிற கேள்வியும் கூடியது. 1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலிப் பிரச்சினை முற்றி 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் தலித் குடும்பங்களின் பெண்களும் குழந்தைகளும். அதுக்குக் காரணம் டிராக்டர்னு சொல்ல வரலை. டிராக்டர் வந்து இறங்கிய ஊர் எப்படிப்பட்ட ஊர்னு மறந்துட்டு, சக்கரத்தோட கதையை மட்டும் சொல்லிட்டுப் போக முடியாது. பின்னாளில் அறுவடை மெஷின் வந்தப்பவும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் எதிர்த்தது இந்தப் பின்னணியில்தான். அந்த மெஷினிலும் டயர் வண்டி, செயின் வண்டின்னு ரெண்டு வகை. ஈரம் காயாத வயலுக்குச் செயின் வண்டிதான் இறங்கும், வாடகையும் அதுக்குத்தான் அதிகம். மண்ணைத் தொடுகிற பரப்புக்கு டெல்டா இன்னமும் தனியா விலை கொடுக்குது.

உங்க வண்டிக்கு வருவோம். உங்க பில்லில் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒண்ணில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லன்னா ரெண்டும்னு இருக்கு. முன்னாடி மாட்டுற இரும்பு புல் பாருக்கு எதிரா மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. மோதினால் நடந்து போறவர் உடம்பு நேரா அந்த இரும்பில்தான் படும். ஏர்பேக் வேலை செய்யுறதும் கெடலாம்.

இடமும் ஒரு கேள்வி. டெல்டாவில் காலியாத் தெரியுற சேறு எல்லாம் காலி இல்லை. வரப்பு ஒருத்தரோட உழைப்பு. கோடியக்கரைச் சதுப்பு வனவிலங்குச் சரணாலயம். அனுமதி கேட்டு, நில உரிமையாளர் காட்டுற இடத்தில் பழகுங்க.

அப்போ முதல்ல எது?

இந்த வரலாறு எல்லாம் சேர்ந்து ஒரு வரிசையைச் சொல்லுது.

முதல்ல டயர் காத்து. ஒரு நல்ல பிரஷர் கேஜ் சில நூறு ரூபாய், பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரஸர் சில ஆயிரம். ரோட்டில் முப்பது பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் மேல இருக்கிறதை மண் பாதையில் இருபது பக்கம் குறைச்சுப் பாருங்க, வண்டியே வேற மாதிரி நடக்கும். பதினஞ்சுக்குக் கீழே போனா டயர் ரிம்மை விட்டுக் கழலலாம், ஜாக்கிரதை. திரும்ப ரோட்டுக்கு வந்ததும் ஏத்தாம ஹைவேயில் போகாதீங்க. பாக்னோல்டு செஞ்சது இதுதான்.

ரெண்டாவது, வெளியே வர்ற சாமான். தரமான கயிறு, ஷாக்கிள், மண்வெட்டி. முடிஞ்சா ஒரு ஜோடி ட்ராக்‌ஷன் போர்டு. கூடவே இன்னொரு வண்டி, அது காசு கொடுத்து வாங்குறது இல்லை, கூட்டிட்டுப் போறது.

மூணாவது, எடை. சேர்க்கிறதுக்கு முன்னாடி இறக்கிப் பாருங்க. பூட்டில் சும்மா கிடக்கிறது எல்லாம் வீட்டுக்குப் போகட்டும்.

நாலாவது டயர். ஆனா பழைய செட் தேய்ஞ்சப்புறம், நீங்க போற மண் எதுன்னு தெரிஞ்சப்புறம், ஆர்.சி.க்கு ஒத்துப்போற அளவில்.

அதுக்கு அப்புறம்தான் மத்தது எல்லாம். வண்டி அடிக்கடி அடியில் தட்டுதுன்னா அடித்தகடு. நிஜமாவே உயரம் போதலைன்னா, சட்டம் என்ன சொல்லுதுன்னு ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரிச்சுட்டு அதைப் பத்தி யோசிக்கலாம்.

குத்தாலத்துப் பட்டறையில் கேஜ் வீல் செய்யச் சொன்ன விவசாயி, ‘வண்டி எங்கே மாட்டுது’ன்னு பார்த்தார், அந்த இடத்துக்கு மட்டும் காசு போட்டார். நீங்களும் முதல்ல ஒரு ரெண்டு மூணு தடவை, கம்பெனியிலிருந்து வந்தபடியே, காத்தை மட்டும் குறைச்சு ஓட்டிப் பாருங்க. எங்கே மாட்டுதுன்னு வண்டியே சொல்லும். அதுக்கப்புறம் அந்த ஐம்பதாயிரத்தை எடுங்க. பாதி மிச்சமாகவே வாய்ப்பு அதிகம்.

 மேட்டூரில் தண்ணி திறந்தப்புறம் மயிலாடுதுறைப் பக்கம் போனீங்கன்னா, பஸ் ஜன்னல் ஓரம் உட்காருங்க. உழுற டிராக்டரோட பின் சக்கரத்தை மட்டும் கொஞ்ச நேரம் கவனிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.